லாஸ் காசாஸின் நூலும் நமது முத்துக்குளித்துறையும்

தொமினிக்கன் துறவியாகிய பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் 1542இல் எழுதி 1552இல் செவில் நகரில் அச்சிட்ட ஒரு சிறு நூல், திருச்சபை வரலாறு கற்பிக்கப்படும் இடங்களிலெல்லாம் தவறாமல் பேசப்படுகிறது. இந்தியப் பகுதிகளின் அழிவைப் பற்றிய சுருக்க வரலாறு என்பது அதன் பெயர். அதில் வரும் இந்தியா நம் நாடன்று. கொலம்பஸ் 1492இல் மேற்கே கப்பலோட்டிச் சென்று சேர்ந்த அமெரிக்கத் தீவுகளையும் அவற்றிற்கு அப்பாலுள்ள பெருநிலத்தையுமே ஸ்பானியர் அப்பெயரால் அழைத்தனர். ஸ்பானியர் அங்கு ஏன் சென்றனர், சென்று என்ன செய்தனர், அதனால் அந்நாட்டுப் பூர்வ குடிகள் என்ன ஆயினர் என்பனவற்றை அவர்களுள் ஒருவரே அரசருக்கு எழுதிய குற்றச்சாட்டு இது. விடுதலை இறையியல் நம் கல்லூரிகளில் இடம்பெற்ற பின், குஸ்தாவோ குத்தியேரெஸ் போன்றோர் லாஸ் காசாஸைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டமையால், அவருடைய மதிப்பு மேலும் உயர்ந்தது. அவரைப் போற்றுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவர் நூலைத் திறனாய்ந்து படிப்பது அவ்வளவு வழக்கமாகவில்லை. அதன் ஒரு பகுதியையேனும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நின்று படித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரைப் பற்றிச் சிறிது கூறுதல் தேவை. 1502இல் எஸ்பஞோலா தீவுக்குச் சென்ற லாஸ் காசாஸ், முதலில் தாமும் பூர்வ குடிகளின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தவரே. குருப்பட்டம் பெற்ற பின்னும் அவ்வாறே வாழ்ந்தார். 1511ஆம் ஆண்டு கிறிஸ்து வருகைக் காலத்தில் மொந்தேசினோஸ் என்னும் துறவி சாந்தோ தொமிங்கோவில் குடியேறிகளின் கொடுமையை முகத்துக்கு நேரே கண்டித்துப் பிரசங்கித்தார். அதற்குப் பின்னும் மூன்று ஆண்டுகள் லாஸ் காசாஸ் மாறவில்லை. 1514இல் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்கையில், சீராக்கின் ஞான நூல் 34ஆம் அதிகாரம் அவரைத் தாக்கிற்று. ஏழைகளிடமிருந்து பறித்த பொருளைக் காணிக்கையாகச் செலுத்துவது, தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்னும் கருத்துடைய பகுதி அது. தமக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களை அவர் விட்டுவிட்டார். (அந்நூல் நம் வேதாகமத்தில் இல்லை. தள்ளுபடி ஆகமம் என்று நாம் புரட்டிப் பாராமல் வைத்திருக்கும் ஏட்டிலிருந்து இப்படியும் ஓர் அழைப்பு வந்ததுண்டு என்பதை நம் மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.)

இனி நூலுக்கு வருவோம். தீவு தீவாக, மாகாணம் மாகாணமாகக் கொடுமைகளை அடுக்கிச் செல்லும் இந்நூலில், இன்றைய வெனிசுவேலாக் கரையிலிருந்த முத்துக்குளிப்பைப் பற்றிய பகுதி தனித்து நிற்கிறது. அங்குள்ள குபாகுவா என்னும் சிறு தீவில் குடிப்பதற்கு நல்ல தண்ணீர்கூட இல்லை. ஆயினும் சிப்பிப் படுகைகள் இருந்தமையால், நுவேவா காதிஸ் என்ற பெயரில் ஒரு குடியிருப்பு எழுந்து 1528இல் நகரமாகவும் உயர்த்தப்பட்டது. கடலில் மூழ்குவதற்குப் பஹாமா தீவுகளின் லுக்காயர் பிடித்துவரப்பட்டனர். நீச்சலில் தேர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் விலை ஏறிற்று. விடியல் தொடங்கி அந்தி வரை அவர்கள் மூழ்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கச் சற்றுத் தாமதித்தால், தோணியில் இருக்கும் கங்காணி அடித்து மீண்டும் நீருக்குள் தள்ளுவான். சுறாவுக்கு இரையானவர் சிலர். குளிராலும் மூச்சடக்கியதாலும் இரத்தம் கக்கி மாண்டவர் பலர். இரவில் தப்பி ஓடாதபடி விலங்கிட்டு அடைத்தனர். இவ்வுலகில் இதற்கு ஒப்பான நரகத் தொழில் வேறில்லை என்ற அளவுக்கு லாஸ் காசாஸ் எழுதுகிறார். பஹாமாத் தீவுகள் வெறுமையாயின. லுக்காயர் என்றொரு மக்கள் இனமே இல்லாது போயிற்று.

அவர் தரும் எண்ணிக்கைகள் மிகையானவை. நாற்பது ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்கிறார். லுக்காயரை மட்டும் 5 லட்சமாகக் கணக்கிடுகிறார். இக்கால ஆய்வாளர் அவர்களைச் சில பத்தாயிரங்களாகவே மதிப்பிடுகின்றனர். எனினும் அழிவு பொய்யன்று. எஸ்பஞோலாவில் 1514இல் அரசாங்கமே எடுத்த பங்கீட்டுக் கணக்கில் ஏறக்குறைய 26,000 பூர்வ குடிகளே எஞ்சியிருந்தனர். அப்போது பெரியம்மை அத்தீவை இன்னும் எட்டவில்லை. அது 1518இன் இறுதியில் வந்து எஞ்சியவர்களையும் வாரிக்கொண்டது. நோயின் பங்கைப் பற்றி இச்சிறு நூல் மிகக் குறைவாகவே பேசுகிறது. வழக்கு உரைப்பவர் தம் வழக்குக்கு வேண்டியதையே அழுத்திச் சொல்வார். அதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை.

என் கருத்து வேறுபாடு இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, அழிவின் காரணத்தை அவர் விளக்கும் முறை. பொன்னாசையே காரணம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பொருளாசை பாவமே, ஆனால் எந்த நாட்டில் அது இல்லை? ஸ்பெயினிலிருந்து அது கடல் கடந்து வந்து ஒரு மக்கள் இனத்தையே விழுங்குவதற்கு ஏற்ற அமைப்பு ஒன்று இருந்தது. 1492இல் கிரனாதா வீழ்ந்தது. பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் அரசுகளோடு போரிட்டு, வென்ற நிலத்தையும் மக்களையும் பங்கிட்டுக்கொண்டே பழகிய படைவீரர் கூட்டத்துக்கு வேலையில்லாது போயிற்று. மிளகும் பட்டும் வரும் வழியை வேறு அரசுகள் பிடித்திருந்தன. அரசு தன் கருவூலத்திலிருந்து பெரும்பொருள் செலவிடாமல், தனியாரோடு ஒப்பந்தம் எழுதி அனுப்பியது. அவர்கள் வட்டிக்குக் கடன் வாங்கிக் கப்பலேறினர். கரையில் இறங்கியவனுக்குப் பின்னால் கடன்காரன் நின்றான். அவனுக்கும் பின்னால், கிடைத்த பொன்னிலும் முத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்டு அரசன் நின்றான். இதற்கெல்லாம் மேலே, 1493இல் ஆறாம் அலெக்சாந்தர் என்னும் போப்பின் ஆணை அந்நிலங்களை ஸ்பானிய அரசருக்கு வழங்கியிருந்தது. போர்த்துக்கல் அரசருக்கு அத்தகைய ஆணை 1455இலேயே கிடைத்துவிட்டது. (அவ்வாணைகளிலிருந்து வளர்ந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023 மார்ச்சில்தான்.) லாஸ் காசாஸ் இவ்வமைப்பின் அடித்தளத்தை இந்நூலில் தொடவில்லை. நல்ல அரசர் அறிந்தால் தீய அதிகாரிகளை அடக்குவார் என்று நம்பியே எழுதுகிறார். 1542ஆம் ஆண்டின் புதிய சட்டங்கள் அந்நம்பிக்கைக்குச் சிறிது பயனளித்தன என்பது உண்மை. அவற்றின் முக்கியமான பகுதி மூன்றே ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டதும் உண்மை.

இரண்டாவது வேறுபாடு எனக்கு இதைவிட முக்கியமானது. நூலின் தொடக்கத்திலேயே பூர்வ குடிகளைச் சாந்தமான ஆடுகளென்றும் ஸ்பானியரைப் பசித்த ஓநாய்களென்றும் அவர் உருவகிக்கிறார். திருமறையில் ஊறிய மனம் இயல்பாக எடுக்கும் உவமை அது. ஆனால் ஆடு பேசாது, திட்டமிடாது, உடன்படிக்கை செய்யாது. அதற்காகப் பேசுபவர் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் நூலாசிரியர் தாமே நிற்கிறார். இத்தனைக்கும் அவர் வாழ்ந்து கண்ட வரலாறு வேறு. 1519 முதல் 1533 வரை எஸ்பஞோலாவின் மலைகளிலிருந்து போராடி, அரசரின் தூதுவரோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட என்ரிக்கீயோ என்னும் தலைவரைப் பற்றி லாஸ் காசாஸே தம் பெருநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குபாகுவாவுக்கு நேர் எதிரே குமானா கரையில் ஆயுதமின்றி ஒரு முன்மாதிரிக் குடியிருப்பை அமைக்க அவரே முயன்றார். முத்துத் தீவின் அடிமை வேட்டைக்காரரால் பொறுமையிழந்த மக்கள் 1522இல் எழுந்து அதை அழித்தனர். அதன் பின்னரே அவர் துறவியானார். ஆடுகள் அவ்வாறு எழுவதில்லை. இக்குடிகளுக்கு வேறு வழி காணும் ஆவலில், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என 1516இல் அவரே யோசனை கூறியதும், பின்னர் அதற்காக வருந்தியதும் யாவரும் அறிந்தவை. இன்னொருவருக்காகப் பேசுபவர் மூன்றாம் ஒருவரை மறந்துவிடுவது பரிந்துரைப்போருக்கு நேரும் ஆபத்து. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கரீபியன் முத்துப் படுகைகளில் மூழ்கியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களே.

இப்போது நம் கரைக்கு வருவோம். இக்கட்டுரை எழுதப்படும் வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம், அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே சென்றால் மூன்று மணி நேரத்தில் தூத்துக்குடி. குபாகுவாவில் லுக்காயர் மாண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இக்கரையின் முத்துக்குளிப்பிலும் ஐரோப்பிய அரசொன்று கைவைத்தது. போப்பின் ஆணையும் அத்தகையதே; பொருளாசையும் அத்தகையதே; கடலில் மூழ்கி எடுக்கும் தொழிலும் அதுவே. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஒரே அரசர் ஆண்டமையால், இரு கரைகளின் முத்தும் அறுபது ஆண்டுகள் ஒரே முடிக்கு உரியவையாயின. ஆயினும் லுக்காயர் அழிந்தனர். பரதவர் இன்றும் இருக்கின்றனர். ஏன்?

போர்த்துக்கீசியர் மென்மையானவர்கள் என்று சொல்வதற்கு இடமில்லை. 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களே அதற்குச் சாட்சி. தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியத் தளபதி கோஸ்மே தெ பைவாவின் கொடுமைகளைப் பற்றி 1544இல் அவர் கசந்து எழுதினார். இந்தியாவுக்கு வரும் அரச ஊழியர்கள் கொள்ளையடித்தல் என்னும் வினைச்சொல்லை இலக்கணம் அறிந்த எல்லா வடிவங்களிலும் அறியாத சில வடிவங்களிலும் பயின்றுகொள்கிறார்கள் என்ற கருத்தில் தம் நண்பருக்கு எழுதினார். வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி பள்ளம் வெட்டித் தடுத்து, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் வரி பறித்தமையால் வடுகர் படை திரண்டு வந்தது. அதில் 1549இல் உயிரிழந்தவர், வரிக்குச் சற்றும் பொறுப்பில்லாத அந்தோனியோ கிரிமினாலி என்னும் சேசு சபைக் குரு.

வேறுபாட்டின் காரணங்களுள் சில எவருடைய பெருமையையும் சாராதவை. பழைய உலகத்தின் நோய்கள் நம் மக்களுக்குப் புதியவையல்ல. பெரியம்மை இங்கு நெடுங்காலம் இருந்தது. உள்நாட்டில் விஜயநகரமும், மதுரை நாயக்கரும், வேணாட்டு அரசரும், பாண்டிய மரபினரும் இருந்தனர். பறங்கியரின் வலிமை கப்பல்களின் பீரங்கி எட்டும் தூரத்தோடு நின்றது. நிலத்தைப் பங்கிட்டு மக்களை ஒப்படைக்க அவர்களிடம் நிலமே இல்லை.

இவற்றுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பரதவர் இங்கு ஆடுகளாக இருக்கவில்லை. முத்துப் படுகையின் உரிமை குறித்துக் கடற்கரை முஸ்லிம்களோடு 1530களின் முற்பகுதியில் பெரும் பூசல் எழுந்தபோது, அவர்களுடைய பட்டங்கட்டிகள் கூடி ஆலோசித்தனர். போர்த்துக்கல் சென்று கிறிஸ்தவராகித் திரும்பியிருந்த குதிரை வணிகர் ஜோன் த குரூஸ் வழிகாட்டத் தூதுக்குழு கொச்சிக்குச் சென்றது. அவர்கள் பாதுகாப்புக் கேட்டனர். ஞானஸ்நானம் பெற ஒப்புக்கொண்டனர். 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியக் கடற்படை கோழிக்கோட்டுக் கப்பல்களை முறியடித்ததும் அந்த ஏற்பாடு உறுதிப்பட்டது. இஃது ஓர் உடன்படிக்கை. இரு தரப்பாரும் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றனர். மூழ்குவோரின் தொழில்திறன் அவர்கள் கையிலேயே இருந்தது. சிப்பியில் பங்கு அவர்களுக்கு உண்டு. குளிப்புக் காலம் ஆண்டில் சில வாரங்களே. வில்லாபுரத்தில் என் அண்டை வீட்டார் புன்னைக்காயலைச் சேர்ந்தவர்; அவருடைய பாட்டனார் முத்துக்குளித்தவர். மூழ்குபவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பது தங்கள் பக்கத்து வழக்கு என்று அவர் சொன்னார். தங்கை தாலியறுக்கப் பொறுப்பானா என்பது அதன் நியாயமாம். குபாகுவாவின் தோணியில் இருந்த கங்காணியை நினைக்கும்போது இவ்வழக்கின் பொருள் விளங்கும்.

ஆகவே லுக்காயருக்குத் துணிவில்லை, பரதவருக்கு இருந்தது என்று ஒருவரும் இதைத் திரித்துப் படிக்கலாகாது. தீவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கடல் கடந்து விற்கப்பட்டவனுக்குக் கூடிப் பேச அவையில்லை; அழைத்து வரத் தூதுவரில்லை; கயிறு பிடிக்க மைத்துனனில்லை. அவர்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது இக்கட்டமைப்பே. அதை லாஸ் காசாஸ் பதிவு செய்யவில்லை. உடலின் வேதனையை உருக்கமாகக் கண்டவர், ஒரு சமூகம் கலைக்கப்பட்டதைப் போதிய அளவு காணவில்லை.

சவேரியாரும் பரிந்துரைத்தவரே. முத்துக்குளித்துறையின் வருவாயில் 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி அரசிக்கு எழுதிப் பெற்றார். இக்குழந்தைகளைவிட நல்ல காலணி மோட்சம் செல்ல அவருக்குக் கிடைக்காது என்ற கருத்தில் வேண்டினார். அழகான வேண்டுகோள். கடலுக்குள் மூச்சடக்கியவனின் உழைப்பு எவர் காலுக்கு ஏன் செருப்பாக வேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை. வடுகர் படையெடுப்பில் மக்கள் குமரிமுனைப் பாறைகளில் பட்டினி கிடந்தபோது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டவரும் அவரே. சாராயம் அருந்தும் பெண்களைத் தண்டிக்கக் கட்டளையிட்டவரும் அவரே. அன்பும் அதிகாரமும் ஒரே கையெழுத்தில் வருகின்றன.

இங்கு நமக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பரதவரைக் காத்த அந்தக் கட்டமைப்பு எது? சாதி. பட்டங்கட்டிகளின் அவையும் சாதித் தலைவரின் ஆணையும் அன்றி அத்தூதுக்குழு கொச்சிக்குச் சென்றிருக்காது. ஞானஸ்நானம் அக்கட்டமைப்பைக் கரைக்கவில்லை; சாதித் தலைவருக்கு ஆலயத்திலும் முதலிடம் தந்து அதை வலுப்படுத்தியது. சபைக்குள் சாதியைக் கண்டித்து வகுப்பெடுக்கும் நாம், ஒரு பேரரசின் வாயிலிருந்து ஒரு மக்களைத் தப்புவித்ததும் அதே சாதி என்னும் செய்தியை எங்கே வைப்பது? சாதி அமைப்பில் அவையோ தலைவனோ மறுக்கப்பட்ட மக்களைப் பேரரசுகள் என்ன செய்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர்களே கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். இதற்கு என்னிடம் எளிய விடையில்லை. ஆனால் லாஸ் காசாஸை நம் மொழியில் கற்பிக்கும் எவரும் இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது.

கடைசியாக, சீர்திருத்தச் சபையினராகிய நம் வாசிப்பு முறை பற்றி. இந்நூலை உலகறியச் செய்தவர்கள் நாமே. 1578இல் ஒல்லாந்த மொழியிலும் 1583இல் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. 1598இல் தெ பிறை குடும்பத்தார் பயங்கரமான செப்புத்தகட்டுப் படங்களோடு பிராங்பர்ட்டில் வெளியிட்டனர். ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டிருந்த ஒல்லாந்தருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. போப்பு மார்க்கத்தின் கொடுமைக்குச் சான்றாக அன்று தொடங்கிய வாசிப்பு, நம் பழைய பாடக்குறிப்புகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. அந்த ஒல்லாந்தர் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தபோது என்ன செய்தனர்? முத்துக்குளிப்பை நிறுத்தினார்களா? அதன் வருவாயைத் தம் வணிகக் குழுமத்தின் கணக்கில் எழுதிக்கொண்டனர். உரோமைக் குருக்களை வெளியேற்றினர். சீர்திருத்தச் சபைப் போதகர் பிலிப்பு பால்தேயு அங்கு வந்து, மக்களைத் தம் மார்க்கத்துக்குத் திருப்ப முயன்றார். பயனில்லை என்பதை 1672இல் வெளிவந்த தம் நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

பாதுகாப்புக்காக வாங்கிய ஞானஸ்நானம் மெய்யானதா என்று நம்மில் சிலர் ஐயுறுவதுண்டு. பாதுகாப்புத் தந்தவர் தோற்றுப் புறப்பட்ட பின், புதிய எசமானரின் மார்க்கத்தை ஏற்பதே பரதவருக்கு ஆதாயமாயிருந்திருக்கும். அவர்கள் ஏற்கவில்லை. இதற்கிடையே என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் அவர்கள் மொழியைக் கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டிருந்தார். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டியவர்கள் இக்கரை மக்களே. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்று மூழ்கியெடுத்த முத்தின் கூலியில் வெளிவந்தது. ஒல்லாந்தர் நாளில் அவர்கள் தங்கள் குருக்களை மறைவாகப் பேணினர். பனிமய மாதாவின் திருவிழாவை விடவில்லை. பால்தேயு தம் நூலில் இதைக் குருட்டுப் பக்தி என்று எண்ணி வருந்துகிறார். அவருடைய நாட்டார் ஸ்பானியக் கொடுமையைப் பற்றிய அந்தப் படநூலை அப்போதும் விரும்பி வாங்கிக்கொண்டிருந்தனர்.